காற்றுமானிக்காரன் குறிப்பு

நூறு மீட்டர் ஓட்டத்தில்
ஓடுகிறவர்களை நான் பார்ப்பதில்லை.
முதல் தடத்தின் ஓரமாக, முடிவுக்கோட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்னால்,
ஒரு முக்காலி. அதன் தலையில் காற்றுமானி.
துப்பாக்கி வெடித்ததும் பொத்தானை அழுத்துவேன்.
பத்து விநாடி அது காற்றைக் கேட்கும்.
பிறகு ஓர் எண். அதை எழுதுவேன்.
மேற்குக் கான்சஸில் இருபத்தாறு வசந்தங்களாக
என் சனிக்கிழமைகள் இவ்வளவுதான்.

லொரெட்டா பிங்காமை இதற்குள்
மூன்று நிறச் சட்டைகளில் பார்த்துவிட்டேன்.
முதலில் பச்சை. இரண்டாண்டுக் கல்லூரி, உதவி கோச்.
அணியின் வியர்வைத் துணிகளை வெளுப்பதும் அவள் வேலை.
அப்புறம் நீலம். அங்கே பஸ்ஸையும் அவளே ஓட்டினாள்.
ஒருமுறை நெப்ராஸ்கா எல்லையில் பனியில் சிக்கி
பதினான்கு பெண்களோடு ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவைக் கழித்துவிட்டு
மறுநாள் நேரே வந்து ரிலேயில் நின்றார்கள்.
பேட்டன் கீழே விழுந்தது. யாரும் அழவில்லை,
தூங்கப் போனார்கள்.
கடைசியாக மெரூன், பதினோரு வருடம்.
ஜூனுக்கு ஜூன் நீளும் ஓராண்டு ஒப்பந்தம்.

அவளுக்கு ஒரு வழக்கம்.
முதல் முப்பது மீட்டர் மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பாள்,
முழங்கால், இடுப்பு, தரையைத் தள்ளும் கோணம்.
அதன்பின் என் பக்கம் திரும்பிவிடுவாள்.
மிச்சத்தை ஓடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.
ஆக, அத்தனை பேர் எழுந்து நின்று கத்தும் மைதானத்தில்
ஓட்டம் முடிவதைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர்.

ஹோடன் வார்சமே ஓடிய அந்த மே மாதமும் அப்படித்தான்.
அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்,
தூங்காத கண்ணோடு வேலியைப் பிடித்து நின்றாள்.
ஹோடன் தலைத்துணியின் நுனியைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு
பாதங்களைப் பிளாக்கில் வைத்தாள்.
11.19.
அந்தக் கல்லூரியில் எந்தப் பெண்ணும் தொடாத நேரம்.
ஒலிபெருக்கி அவள் பெயரைத் தப்பாகக் கூவியது, இரண்டு முறை.

காற்றுமானி 2.03 என்றது.
அடுத்த புள்ளிக்கு ஏற்றி எழுத வேண்டும், விதி அப்படி.
2.1.
இரண்டைத் தாண்டினால் சாதனைப் புத்தகத்தில் இடமில்லை.
எண்ணைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

லொரெட்டா வந்தாள். தாளைப் பார்த்தாள்.
சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து
முக்காலியின் உயரத்தை அளந்தாள்.
ஒரு மீட்டர் இருபத்திரண்டு. சரி.
தடத்திலிருந்து தூரம் அளந்தாள். அதுவும் சரி.
நாடா சரக்கென்று உள்ளே போனது.
"நன்றி" என்றாள்.
கேட்டிருந்தால் மாற்றி எழுதியிருப்பேனா?
இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை.
திரும்பி நடக்கும்போது ஹோடனிடம் சொன்னது காதில் விழுந்தது:
"இரண்டாம் அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறாய்."

அந்த ஆண்டு மேலிடம் ஒரு சாதனை கேட்டிருந்ததாம்.
எனக்கு அது ஆகஸ்டில்தான் தெரிந்தது,
கால்பந்து மைதானத்துக்குப் புது ஸ்கோர்போர்டு வந்த வாரம்.
அந்த ஜூனில் அவள் ஒப்பந்தம் நீளவில்லை.

போன சனிக்கிழமை ஆரஞ்சுச் சட்டை.
வயோமிங் பக்கம் ஏதோ சின்னக் கல்லூரி,
ஆறே பெண்கள், கடன்வாங்கிய வேன்.
தானிய உயர்கிடங்குப் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது,
தொப்பிகள் பறந்தன, ஓர் எண் அட்டை வேலி தாண்டிப் போனது.
அவளுடைய பெண் எட்டாவது தடத்தில்.
முப்பது மீட்டர். திரும்பினாள்.
முதலில் மூன்று விரல், பிறகு நான்கு விரல் காட்டி
கையால் எதிர்த்திசையைத் தள்ளிக் காட்டினேன்.
மைனஸ் மூன்று புள்ளி நான்கு.

தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.
பின்னால் யாரோ வென்றிருக்க வேண்டும்,
கைத்தட்டல் கேட்டது.